துணி வெட்ட மேஜை மேல் ஒரு மெஷின்: தையல் தொழிலுக்குக் கை கொடுக்குமா?

ஒரே அளவில் ஐம்பது பூ வெட்டணும். அல்லது நாற்பது பிள்ளைகளின் பெயரை எழுத்து எழுத்தாகத் துணியில் வெட்டிப் பையில் ஒட்டித் தைக்கணும். வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவர்களுக்கு இப்படி ஒரு ஆர்டர் வந்தால், தைக்கிற நேரத்தைவிட வெட்டுகிற நேரமே அதிகம். இதற்கு வழி என்று இணைய வீடியோக்களில் அடிக்கடி காட்டப்படுவதுதான் எலக்ட்ரானிக் கட்டிங் மெஷின். பார்க்க பிரின்டர் மாதிரி இருக்கும். கிரிகட், சிலவுட் கேமியோ, பிரதர் ஸ்கேன் என் கட் ஆகியவை இதில் பிரபலமான பெயர்கள். வீடியோவைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கு. ஆனா, காசு போட்டு வாங்கினால் பயன்படுமா?

'டை' இல்லாத டை கட்டிங்

இந்த மெஷினை 'டை கட்டிங் மெஷின்' என்றும் சொல்கிறார்கள். டை என்றால் அச்சு. ஷூ தயாரிக்கும் தொழிற்சாலைகளில் விளிம்பு கூராக்கிய இரும்பு அச்சைத் தோலின் மேல் வைத்து, பிரஸ்ஸில் அழுத்தி வெட்டுவார்கள். சைஸ் மாறினால் அச்சும் மாறணும். வீட்டு மெஷினில் அந்த இரும்பு அச்சு கிடையாது. கம்ப்யூட்டரில் அல்லது மொபைலில் இருக்கும் படம்தான் அச்சு. அதன் கோட்டின் மேல் ஒரு சின்ன பிளேடு ஓடி வெட்டும். 3 இன்ச் பூவை 4 இன்ச் ஆக்க, எண்ணை மாற்றினால் போதும்.

துணி ஏன் தகராறு பண்ணுது?

இந்த மெஷின்களின் முதல் வேலை பேப்பரும் ஸ்டிக்கரும் வெட்டுவதுதான். அவற்றில் இருப்பது பேனா முனை போன்ற கூரான பிளேடு. அது பொருளைக் கீறிக்கொண்டே இழுபடும். பேப்பர் அதற்கு அசையாது. துணி என்பது நூல்களின் பின்னல். பிளேடு இழுக்கும் பக்கம் நூலும் சேர்ந்து நகரும், துணி சுருண்டுவிடும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, துணிக்குப் பின்னால் ஃபியூசிங்கை இஸ்திரி போட்டு ஒட்டி, அதை பேப்பர் போல விறைப்பாக்கிவிடுவது. பழைய, விலை குறைந்த மாடல்களில் இப்படித்தான் செய்ய வேண்டும். இரண்டாவது, சக்கரம் மாதிரி உருண்டு வெட்டும் ரோட்டரி பிளேடு. 2017இல் வந்த கிரிகட் மேக்கர் இந்த பிளேடோடு வந்தது. பீட்சா வெட்டும் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது துணியை இழுக்காது, மேலே உருண்டு அழுத்தி வெட்டும். ஃபியூசிங் இல்லாத வெறும் காட்டனையும் வெட்டலாம். அதனால் வாங்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இந்த மாடலில் ரோட்டரி பிளேடு போட முடியுமா?' என்பதுதான்.

வெட்டுவது எப்படி?

துணியை முதலில் நனைத்துக் காயவைத்து, சுருக்கமில்லாமல் இஸ்திரி போடணும். காட்டன் பிறகு சுருங்கினால் அளவு கெட்டுவிடும். அடுத்து, பசை தடவிய மேட்டில் நூல் வாட்டம் நேராக இருக்கும்படி துணியை விரித்து, ரோலரால் அழுத்தணும். வாட்டம் கோணினால் மெஷினுக்குத் தெரியாது, கோணலாகவே வெட்டிக் கொடுக்கும். அதைப் பார்ப்பது நம் வேலை. துணியின் நல்ல பக்கம் கீழே இருந்தால், எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போடணும். இல்லையென்றால் பெயர் தலைகீழாகிவிடும்.

எப்போதும் ஓரத்துத் துண்டில் சின்னதாக ஒரு வட்டம் வெட்டிப் பாருங்க. நூல் அறுபடாமல் தொங்கினால் அழுத்தத்தைக் கூட்டணும், அல்லது பிளேடை மாற்றணும். துணி வெட்டும் கத்தரியால் பேப்பர் வெட்டக் கூடாது என்று தையல் வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. இங்கேயும் அதேதான், துணி பிளேடைத் துணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளணும்.

எதெல்லாம் முடியாது?

நம் டெய்லர்கள் துணியை இரண்டாக, நான்காக மடித்துத்தான் பிளவுஸ் வெட்டுவார்கள். மெஷின் ஒரு நேரத்தில் ஒரு மடிப்புத்தான் வெட்டும். மேட்டின் அகலமும் பொதுவாக 12 இன்ச். நீளத்துக்கு 24 இன்ச் மேட் கிடைக்கும், ஆனால் அகலம் அதே 12தான். 36 இன்ச் மார்பளவு பிளவுஸின் பின்பக்கத்தை முழுசா விரித்தால் 18 இன்ச்சைத் தாண்டும். நடுவில் தையல் வராமல் அதை வெட்ட முடியாது. சுடிதார், நைட்டி பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏற்றுமதி கம்பெனிகளைப் போல அடுக்கடுக்காகத் துணி போட்டு ஒரே வெட்டில் நூறு பீஸ் எடுப்பதும் நடக்காது.

ரொம்பச் சின்ன வடிவமும் சிக்கல். ரோட்டரி பிளேடு திரும்ப இடம் வேண்டும் என்பதால், முக்கால் இன்ச்சுக்குக் குறைவான வடிவங்களைத் தவிர்க்கச் சொல்கிறது கிரிகட். பொடி எழுத்துகளுக்கு ஃபியூசிங் ஒட்டி, கூர்முனை பிளேடில் வெட்டுவதே நல்லது. கல், சமிக்கி வைத்த துணி மேட்டில் சரியாக ஒட்டாது.

எதற்கு உபயோகம்?

பேட்ச் வொர்க், பெயர் எழுத்து, ஃபெல்ட் பொம்மை, குழந்தை பிப், ஹேர் போ, குயில்ட் துண்டுகள். அதாவது சின்னது, திரும்பத் திரும்ப வருவது, அளவு ஒரு நூல்கூடப் பிசகக் கூடாதது. இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் மெஷின் ஜெயிக்கும். துவைத்தால் போகும் பேனாவை மாட்டினால், தையல் கோட்டையும் அதுவே வரைந்து தரும்.

மெஷின் விலையோடு முடியாது

பிளேடு மழுங்கும், மேட்டின் பசை குறையும். இரண்டையும் மாற்றிக்கொண்டே இருக்கணும். மேட்டைக் கையால் தொட்டால் விரல் எண்ணெயில் பசை சீக்கிரம் போகும் என்பதால், நூல் பிசிறுகளை இடுக்கியால் எடுப்பது நல்லது.

இன்னொன்று, மென்பொருள். கிரிகட் மெஷின் அந்த நிறுவனத்தின் செயலி வழியாகத்தான் வேலை செய்யும். 2021 மார்ச்சில், சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 படங்கள்தான் பதிவேற்றலாம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. காசு கொடுத்து வாங்கிய மெஷினுக்கு இப்படியொரு பூட்டா என்று பயனாளர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே முடிவு திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் கத்தரிக்கு இல்லாத ஒரு முதலாளி இந்த மெஷினுக்கு உண்டு என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

அப்போ, வாங்கலாமா?

கடந்த மூன்று மாத ஆர்டர் நோட்டை எடுத்துப் பாருங்க. பிளவுஸ், சுடிதார், ஃபால்ஸ் என்றே பக்கங்கள் நிறைந்திருந்தால் நல்ல கத்தரியும் பெரிய மேஜையும் போதும். ஒரே வடிவத்தைப் பத்து, இருபது என்று வெட்டும் வேலை வாராவாரம் வருகிறதென்றால் கணக்குப் போடலாம். அந்த வேலை இனிமேல்தான் வரும் என்று நம்பி, கடன் வாங்கி மெஷின் எடுப்பதை மட்டும் தள்ளிப்போடுங்க. முதலில் கையால் வெட்டி நாலு பீஸ் விற்றுப் பாருங்க. ஆர்டர் குவிந்து கை வலிக்க ஆரம்பிக்கும்போது மெஷினைப் பற்றி யோசிக்கலாம்.