வடிகட்டி வாங்குமுன் கிணற்றைப் பரிசோதியுங்கள்

வீட்டு வாசலுக்கு ஒரு விற்பனைப் பிரதிநிதி வருகிறார். உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு கிளாசில் வாங்கி, பேனை போன்ற கருவியொன்றை அதில் வைக்கிறார். அது 600 என்று காட்டுகிறது. பின்னர் மின்சாரம் பாயும் இரண்டு கம்பிகளை அமிழ்த்துகிறார். சற்று நேரத்தில் தண்ணீர் கபில நிறமாகிறது. "இதையா பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். வீட்டார் பதறிப்போய்த் தவணை முறையில் வடிகட்டி வாங்கச் சம்மதித்து விடுகின்றனர்.

அந்தக் கபில நிறம் பெரும்பாலும் கம்பியிலுள்ள இரும்பு கரைவதால் வருவது. பேனைக் கருவி காட்டுவதோ தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மாத்திரமே. கிருமி உண்டா, நைத்திரேற்று உண்டா என்பதை அது சொல்லாது. நோயை அறியாமல் மருந்து வாங்குவது போன்ற செலவு இது.

காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற கிழக்குக் கரையோர ஊர்களை எடுத்துக்கொள்வோம். அங்கு நிலம் மணல், நீர்மட்டம் ஆழமில்லை, வீடுகளோ நெருக்கம். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர் இருப்பது நல்லது என்பது சர்வதேசப் பரிந்துரை. 10 பேர்ச்சஸ் காணி என்பது சுமார் 250 சதுர மீற்றர்தான். அதற்குள் இந்த இடைவெளியை எங்கே தேடுவது? நமது குழியைத் தள்ளிக் கட்டினாலும் அடுத்த வீட்டாரின் குழி நமது கிணற்றுக்கு அருகில் வந்துவிடுகிறது. இதனால் தெளிவாகவும் சுவையாகவும் உள்ள தண்ணீரையும் நம்பிவிட முடியாது.

எனவே முதற்செலவு பரிசோதனைக்கானதாக இருக்கட்டும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பிராந்திய ஆய்வுகூடங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தலிலேயே மாதிரியை எடுத்து, குளிராக வைத்து அன்றே ஒப்படையுங்கள்.

அறிக்கையில் மூன்று விடயங்களைப் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை பக்றீரியா ஒன்றேனும் இருத்தலாகாது. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. குளோரைட்டு 250 மில்லிகிராமைத் தாண்டினால் உவர்ப்புச் சுவை தெரியத் தொடங்கும்.

கிருமி மாத்திரமே பிரச்சினையென்றால் கொதிக்கவைத்த தண்ணீரே போதுமானது. விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. நைத்திரேற்று கூடியிருந்தால் கதை வேறு. கொதிக்கவைத்தால் அது குறையாது, நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும். புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனை இது பாதிக்கும். சாதாரண கரி வடிகட்டியும் இதற்கு உதவாது. குழாய் நீருக்கு மாற வேண்டும், அல்லது எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் இயங்கும் வடிகட்டியை வாங்க வேண்டும்.

பராமரிப்புக்குப் பெரும் செலவில்லை. கிணற்றுக் கட்டையும் சுற்றியுள்ள சீமெந்துத் தளத்தையும் வெடிப்பின்றி வைத்திருங்கள். மூடியிடுங்கள். வெள்ளம் வடிந்த பின் குளோரின் இடுங்கள். 2 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் நீர் ஆழமும் உள்ள கிணற்றில் சுமார் 6300 லீற்றர் நீர் இருக்கும். 30 சதவீதக் குளோரின் தூள் ஏறத்தாழ 1 கிலோ அதற்குப் போதும். அதனை வாளியில் கரைத்து ஊற்றி, ஒரு நாள் பாவிக்காமல் விட்டு, மணம் நீங்கும்வரை இறைத்து, சில நாட்களின் பின் மீண்டும் பரிசோதியுங்கள்.

கரையோரத்தில் மெதுவாகவே இறைக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின், உவரான கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்பு நீர் மேலே வந்தது. நன்னீர் உப்பு நீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பதே காரணம். அந்தக் கிணறுகளைத் தேற்றியது பின்னர் பெய்த மழைதான். எரிபொருள் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கவே கூடாது, அதன் புகை உயிரைக் குடிக்கும்.

வீட்டில் சிற்றுண்டி, குளிர்பானம் செய்து விற்கும் சகோதரிகளுக்கு இது இன்னும் முக்கியம். ஒரு வாடிக்கையாளருக்கு வயிற்றோட்டம் வந்தாலே வருடக்கணக்கில் தேடிய பெயர் போய்விடும். அடுத்த முறை வாசலில் கருவியோடு ஒருவர் வந்தால், ஆய்வுகூட அறிக்கையைக் காட்டி, "இதில் எதை உங்கள் இயந்திரம் நீக்கும்?" என்று கேளுங்கள்.