ஒரு பெயரும் பல ஊசிகளும்: ஜொய்ஸ் வீலண்டின் துணிக்கலை

புலம்பெயர் தமிழ்ச் சூழலில் கலை என்றதும் நாம் பேசத் தொடங்குவது கவிதை பற்றி, சிறுகதை பற்றி, நாடகம் பற்றி. மிஞ்சிப்போனால் ஓவியம் பற்றி. தையலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது மனையியல் பாடத்துக்கு உரியது. அல்லது கூலிக்கு உரியது. ஆனால் ரொறன்ரோ நகரம் தந்த முக்கியமான கலைஞர்களில் ஒருவர் தூரிகையோடு ஊசியையும் கையில் எடுத்தவர். அவருடைய பெரிய வேலைகளில் ஒன்று நாம் தினமும் வேலைக்குப் போய்வரும் சுரங்க ரயில் பாதையிலேயே, ஸ்பதைனா நிலையத்தில், கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறது. அவர் பெயர் ஜொய்ஸ் வீலண்ட் (1930–1998). அவரை அறிமுகம் செய்வது இக்கட்டுரையின் முதல் நோக்கம். அவருடைய துணிகளை முன்வைத்து, எது கலை, எது வேலை, இரண்டின் கீழும் யாருடைய பெயர் எழுதப்படுகிறது என்ற கேள்வியை எழுப்புவது இரண்டாவது நோக்கம்.

நான் கலை விமர்சகன் அல்லன். ஊரில் விரிவுரையாளனாக இருந்தவன். இங்கே பல வருடங்களாக ஒரு தொழிற்சாலையின் துணி வெட்டும் பகுதியில் நிற்பவன். துணியைப் படை படையாக விரித்து, அச்சு வைத்து வெட்டி, கட்டுக் கட்டாகத் தையல் வரிசைக்கு அனுப்புவது என் வேலை. ஆகவே துணியை அதன் விலையாலும் பாரத்தாலும் கழிவாலும் அறிந்தவனின் பார்வை இது என்று வாசகர்கள் கொள்ளலாம்.

தையல் வகுப்பிலிருந்து

வீலண்டின் பெற்றோர் பிரித்தானியாவிலிருந்து குடியேறியவர்கள். இருவரும் அவரது சிறுவயதிலேயே இறந்துவிட, வறுமைக்கு நடுவே மூத்த சகோதரரும் சகோதரியும் அவரை வளர்த்தார்கள். ரொறன்ரோவின் சென்ற்ரல் ரெக்னிக்கல் பாடசாலையில் அவர் முதலில் சேர்ந்தது உடை வடிவமைப்புப் படிப்பில். அங்கு கற்பித்த ஓவியர் டோரிஸ் மக்கார்த்தி அவரது ஆற்றலைக் கண்டு ஓவியத்தின் பக்கம் திருப்பினார். அந்தக் காலத்தில் அது பதவி உயர்வு போன்றது: தையலிலிருந்து ஓவியத்துக்கு, கைவினையிலிருந்து கலைக்கு. பிற்காலத்தில் வீலண்ட் அந்தப் படியில் வேண்டுமென்றே கீழிறங்கி வந்தார் என்பதுதான் அவரது வாழ்க்கையின் சுவையான திருப்பம்.

படிப்பு முடிந்ததும் பொதி வடிவமைப்பு நிறுவனங்களிலும் பின்னர் அசைபடம் தயாரிக்கும் நிறுவனமொன்றிலும் வேலை பார்த்தார். அங்கே சந்தித்த ஓவியர் மைக்கல் ஸ்னோவை 1956இல் மணந்தார். 1960களின் பெரும்பகுதியை இருவரும் நியூயோர்க்கில் கழித்து, 1971இல் ரொறன்ரோ திரும்பினர். அந்த நியூயோர்க் ஆண்டுகளில்தான் அவர் ஓவியத்திலிருந்து சோதனைத் திரைப்படத்துக்கும் துணிக்கும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நகர்ந்தார். இரண்டுக்கும் உறவு உண்டு. படச்சுருளும் சின்னச் சின்னச் சட்டங்களை ஒட்டித்தான் ஆகிறது. ஒட்டுத் துணியும் அப்படியே. 1966இல் அவர் செய்த ‘திணிக்கப்பட்ட திரைப்படம்’ என்று பொருள்படும் வேலையில், பிளாஸ்ரிக் பைகளைச் சட்டம் சட்டமாகத் தைத்து, அவற்றுள் படங்களையும் பொருள்களையும் திணித்துச் சுவரில் தொங்கவிட்டார்.

குவில்ட் என்பது என்ன?

குவில்ட் என்பது வெறும் போர்வை என்று நினைப்பவர்களுக்கு ஒரு விளக்கம். அதற்கு மூன்று படை உண்டு. மேலே துண்டுகளை இணைத்த முகத்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவி ஓடும் நூலோட்டம்தான் அவற்றை ஒன்றாகப் பிடித்து வைக்கிறது. அந்த ஓட்டம் இல்லாவிட்டால் நாலு தரம் கழுவியதும் பஞ்சு ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். அலங்காரம்போல் கண்ணுக்குத் தெரிவதுதான் உண்மையில் கட்டுமானம். உருவங்களை வெட்டி இன்னொரு துணியின் மேல் வைத்து, ஓரத்தை மடித்துத் தைப்பது ஒட்டுத்தையல். வீலண்ட் இந்த இரண்டையும், இவற்றோடு எம்பிராய்டரி, கம்பளிப் பின்னல் முதலியவற்றையும் பயன்படுத்தினார்.

எமக்கும் இது முற்றிலும் அந்நியமானதன்று. உடுத்து நைந்த சேலைகளை மடித்து அடுக்கிக் குழந்தைக்கு விரிப்பாகத் தைத்த கைகளை எங்கள் வீடுகளில் கண்டிருக்கிறோம். ‘கந்தை’ என்ற எங்கள் சொல்லுக்கு நெருக்கமான ‘காந்தா’ என்ற பெயரில், வங்காளப் பெண்கள் பழந்துணிப் படைகளைத் தைத்து ஒரு பெரும் கலை மரபையே உருவாக்கியிருக்கிறார்கள்.

ஓவியனுக்கு ஓவியம் தனிமையில் நடக்கிறது. பெரிய குவில்ட் அப்படி நடக்காது. முதலில் வரைபடம், அதிலிருந்து அச்சு, பின் துணித் தெரிவு, வெட்டு, இணைப்பு, படைகளைத் தற்காலிகத் தையலால் பிடித்தல், சட்டத்தில் ஏற்றுதல், கடைசியில் நாலு பக்கமும் பெண்கள் சுற்றியிருந்து நூலோட்டுதல். வட அமெரிக்காவில் இப்படிக் கூடித் தைப்பது நீண்ட கால வழக்கம். பாதியில் நிற்கும் துணியில் ஒவ்வொரு கையும் தெரியும்: ஒருத்தியின் தையல் நெருக்கம், மற்றவளுடையது சற்று எட்ட. வேலை முடிகிறபோது நல்ல தையற்காரி முடிச்சைப் பஞ்சுக்குள் இழுத்து மறைத்துவிடுவாள். முடிச்சோடு அவளும் மறைந்துவிடுகிறாள்.

பகுத்தறிவும் பேராசையும்

1968இல் பியர் ட்ரூடோ லிபரல் கட்சித் தலைமைக்கு வந்தபோது, உணர்ச்சிக்கு மேலாகப் பகுத்தறிவு என்பதே தன் எழுத்துகளின் அடிநாதம் என்று சொல்லியிருந்தார். வீலண்ட் அந்த வாசகத்தை எடுத்து, ஆங்கிலத்தில் ஒன்றும் பிரெஞ்சில் ஒன்றுமாக இரண்டு குவில்ட்டுகள் செய்தார். கொழுத்த, மெத்தென்ற வண்ண எழுத்துகள், இடையிடையே இதயங்கள். பகுத்தறிவைப் போற்றும் வாசகம், படுக்கைக்கு உரிய பொருளில், பெண்களின் கைவேலையாக, உணர்ச்சி பொங்கத் தைக்கப்பட்டிருந்தது. இதைப் பாராட்டு என்பதா, பகிடி என்பதா? இரண்டும்தான். பிரெஞ்சுக் குவில்ட் பிரதமரின் உத்தியோக இல்லத்தில் தொங்கியது. பின்னாளில் ஒரு வாக்குவாதத்தின்போது தான் அதிலிருந்த எழுத்துகளைப் பிய்த்தெடுத்து வீசியதாக மார்கரெட் ட்ரூடோ தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கலை விமர்சனத்தில் இதைவிடக் கூர்மையானது அரிது.

1971இல் ஒட்டாவாவின் தேசிய ஓவியக்கூடத்தில் வீலண்டின் தனிக் கண்காட்சி நடந்தது. உயிரோடிருக்கும் கனேடியப் பெண் கலைஞர் ஒருவருக்கு அந்நிறுவனம் நடத்திய முதலாவது தனிக் கண்காட்சி அது. அதற்கு வீலண்ட் இட்ட தலைப்பு, மெய்யான தேசப்பற்று என்ற பொருளில், தேசிய கீதத்திலிருந்து எடுக்கப்பட்டது. அங்கு கம்பளியில் பின்னிய கனேடியக் கொடிகள் இருந்தன. பாடும் உதடுகளை வரிசையாக எம்பிராய்டரி செய்த துணி இருந்தது. ‘தண்ணீர்க் குவில்ட்’ என்ற வேலை என்னை மிகவும் ஈர்ப்பது. 64 வெள்ளைத் துணிச் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆர்க்டிக் மலர் தைக்கப்பட்டிருக்கும். மலரைத் தூக்கினால் கீழே அச்செழுத்து: கனடாவின் எரிசக்தியும் நீரும் அமெரிக்க நலன்களுக்குக் கைமாறுவது பற்றி ஜேம்ஸ் லாக்ஸர் எழுதிய நூலின் பக்கங்கள். மென்மைக்குக் கீழே அரசியல்.

அகதியாக வந்த ஒருவன் இந்தக் கொடிகளின் முன் சங்கடமின்றி நிற்க முடியாது. தேசப்பற்றின் பெயரால் என்னவெல்லாம் நடக்கும் என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர். இனி, அந்தப் பனி நிலத்தைக் கனடாவின் இதயம் என்று கொண்டாடும்போது, அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்துவரும் இனுயிற் மக்களை எங்கே வைப்பது என்ற கேள்வியும் எழுகிறது. இவை நியாயமான கேள்விகள்; வீலண்டை நேசிப்பவர்களும் கேட்க வேண்டியவை. இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பளியில் பின்னிய கொடியைக் கம்பத்தில் ஏற்றிப் பறக்கவிட முடியாது. அது தொங்கும், தொய்யும், யாரோ ஒருவரின் மடியில் இருந்து வளர்ந்தது என்பதை மறைக்காது. 1966இலேயே அவர், அமெரிக்காவின் முதற் கொடியைத் தைத்தவராகக் கதைகளில் வரும் பெற்சி ரோஸை விளித்து, நீ அத்தனை கவனமாய்த் தைத்த கொடியை என்ன செய்துவிட்டார்கள் பார் என்ற பொருள்படத் தலைப்பிட்டு ஒரு வேலை செய்திருந்தார். அது வியட்நாம் போர்க் காலம். கொடியைத் தைப்பவள் ஒருத்தி, அதைப் போருக்குத் தூக்கிச் செல்பவர் வேறொருவர் என்ற வேறுபாடு அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது.

கரிபு மான்களும் கால்களும்

ஸ்பதைனா பாதை 1978 ஜனவரியில் திறக்கப்பட்டபோது நிலையங்களுக்கெனக் கலைஞர்களிடம் வேலைகள் பெறப்பட்டன. வீலண்ட் கொடுத்தது ‘தரிசு நிலக் கரிபு’ என்ற பெரிய குவில்ட். ஏறத்தாழ 30 அடி நீளம். துந்திரா வெளியில் நிற்கும் கரிபு மான்கள், பஞ்சு திணித்து உப்பிய உடல்களோடு, அவசர அவசரமாகப் போகும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஸ்பதைனா நிலையத்தின் கெண்டல் தெரு வாசலால் போனால் பார்க்கலாம். அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டாம். வேலைக்குப் போகும் பயணச் சீட்டே போதும்.

இந்தத் துணியை வீலண்ட் ஒருவராகத் தைக்கவில்லை. அவருடைய பெரிய குவில்ட்டுகள் பலவற்றை ஒன்றுசேர்த்தவர், அவரை வளர்த்த அதே சகோதரி ஜோன் ஸ்ருவர்ட். எம்பிராய்டரிக்கும் பின்னலுக்கும் வேறு கைதேர்ந்த பெண்கள் இருந்தார்கள். தான் கூட்டாக வேலை செய்வதை வீலண்ட் மறைக்கவில்லை; அதையே தன் கலையின் பொருளாக ஆக்கினார். ஆயினும் அருங்காட்சியகத்தின் பெயர்ச் சீட்டில் பெரிய எழுத்தில் வருவது ஒரு பெயர்தான். இது அவருடைய தனிப்பட்ட குறை என்று நான் கருதவில்லை. ஓவியச் சந்தைக்கு ஒரு கையெழுத்து வேண்டும். கூட்டுழைப்பை விற்க அதற்குத் தெரியாது. எங்கள் வெட்டு மேசையிலிருந்து போகும் துணியிலும் ஒரு பெயர் தைக்கப்படுகிறது. அது வெட்டியவரதும் அன்று, தைத்தவரதும் அன்று.

வீலண்டுக்கு இந்தத் தொழிலாளர் உலகம் தெரியாததல்ல. 1973இல் ‘ஒருமைப்பாடு’ என்ற பதினொரு நிமிடப் படமொன்றை எடுத்தார். கிச்சினர் நகரில் பிஸ்கற் தொழிற்சாலை ஒன்றில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரைப் பற்றியது. அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். படத்தில் ஒரு முகமும் வராது. கால்கள், சப்பாத்துகள், புல். பின்னணியில் கூட்டத்தில் பேசுபவரின் குரல். நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்கு அந்தப் படம் விளக்கமின்றியே புரியும்.

ஸ்பதைனா என்ற பெயருக்கும் தையலுக்கும் பழைய உறவு உண்டு. தெற்கே ஸ்பதைனா அவெனியூவில்தான் ரொறன்ரோவின் உடைத் தொழில் வளர்ந்தது. அங்கு தைத்தவர்களிற் பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த யூதர்கள். 1912 பெப்ரவரியில் ஈற்றன் தொழிற்சாலையில் 65 ஆண் தையற்காரர்கள், பெண்கள் கையால் செய்துவந்த உள்துணித் தையலைத் தங்கள் இயந்திரத்தில் செய்யமாட்டோம் என்று மறுத்தார்கள். செய்தால் அந்தப் பெண்களின் வேலை போய்விடும். அவர்களுக்கு ஆதரவாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வேலைநிறுத்தம் தோற்றது. ஆனாலும் அது எங்களுக்கு முன் வந்த அகதிகள் விட்டுச்சென்ற முதுசம்.

எங்கள் பக்கம்

தமிழில் ‘நூல்’ புத்தகத்துக்கும் இழைக்கும் பொதுப்பெயர் என்று மேடைதோறும் சொல்கிறோம். நன்னூல் இன்னும் ஒரு படி போய், சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் உவமிக்கிறது. சங்கப் பாடல்களிலும் பஞ்சு நூற்பவர்கள் பெண்களே. அவர்களில் துணையற்ற பெண்களும் உண்டு. புலமைக்கு உவமையாக அவளது உழைப்பை எடுத்துக்கொண்ட நாம், அவளைப் புலமையின் வரிசையில் அமர்த்தவில்லை. தையல் என்ற சொல்லே பெண்ணையும் குறிக்கும் மொழி எங்களுடையது. அதனாலேயே, அது திறமை என்பதை மறந்து இயல்பு என்று எண்ணிவிட்டோம் போலும்.

துணியால் வரலாறு எழுத முடியாது என்பவர்கள் சிலியைப் பார்க்கட்டும். 1973 செப்ரெம்பரில் நடந்த இராணுவச் சதிக்குப் பின், காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவியரும் சந்தியாகோவில் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆதரவில் கூடி, சாக்குத் துணியில் கந்தல்களை ஒட்டித் தங்கள் கதைகளைத் தைத்தார்கள். சிறைப்பிடிப்பு, வெறும் கதிரை, எங்கே என்ற கேள்வி. அவை நாட்டுக்கு வெளியே இரகசியமாகக் கொண்டுசெல்லப்பட்டன. வெறும் கதிரை என்பது என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரக் கொட்டில்களில் படங்களை ஏந்தியபடி அமர்ந்த தாய்மாரை நாம் அறிவோம்.

1987இல் ஒன்ராறியோ ஓவியக்கூடம் வீலண்டின் வாழ்நாள் வேலைகளைத் திரட்டிக் காட்டியது. 1998இல், மறதி நோயால் சொற்களையும் நினைவுகளையும் இழந்தபின், அவர் இந்நகரத்தில் காலமானார். 2025இல் மொன்றியல் நுண்கலை அருங்காட்சியகமும் ஒன்ராறியோ ஓவியக்கூடமும் சேர்ந்து அவரது வேலைகளை மீண்டும் பெரிய அளவில் காட்சிக்கு வைத்தன. ஒரு பெயர் காப்பாற்றப்பட்டுவிட்டது; நல்லது.

எம்மிடையே இந்த நகரத்தில் பகலில் கூலிக்குத் தைத்துவிட்டு, இரவில் வீட்டில் தனக்கெனத் தைப்பவர்கள் இருக்கிறார்கள். பாதி முடிந்த துணிகள் அலுமாரிகளில் மடித்துக் கிடக்கின்றன. எங்கள் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் துண்டுப் பிரசுரத்தைச் சேர்க்கின்றன, சஞ்சிகையைச் சேர்க்கின்றன, சேர்க்கத்தான் வேண்டும். அடுத்த தடவை எங்கள் கலை இலக்கிய விழா ஒன்றுக்கு மண்டபம் எடுக்கும்போது, அந்தத் துணிகளைத் தொங்கவிட ஒரு சுவரும் எடுத்தால் என்ன? ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு இருக்கட்டும். வரைந்தவர், வெட்டியவர், தைத்தவர், பக்கத்தில் இருந்து நூல் கோத்துக் கொடுத்தவர் என்று எத்தனை பெயர் வந்தாலும் அத்தனையும் ஒரே அளவு எழுத்தில்.