சத்துமாவோடு பேச்சும் சேர வேண்டும்

கோவை, திருப்பூர்ப் பக்கம் குழந்தைக்கு மூன்று வயது நெருங்கினாலே எந்தப் பள்ளியில் எல்.கே.ஜி. அட்மிஷன் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. பென்சில் பிடிக்க விரல் தேறாத வயதில் நாலு கோட்டு நோட்டும் வந்துவிடும். அறிவு வளர்ச்சிக்கு அதெல்லாம் பிறகுதான். முதலில் வேண்டியவை இரண்டு: ரத்தத்தில் போதிய இரும்புச்சத்து, பக்கத்தில் பேசி விளையாட ஓர் ஆள். ஒன்று மிகுதியாக இருப்பதால் மற்றொன்றின் குறை தீராது.

டீயும் வர்க்கியும்

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூளை நரம்புகளின் மேலுறை உருவாக இரும்பு தேவை. அது குறைந்த குழந்தை சோர்ந்து கிடக்கும், கவனம் நிலைக்காது. வீட்டிலோ 'சேட்டையே இல்லை, சாது' என்று மெச்சுவார்கள். காலையில் வர்க்கியை டீயில் தொட்டுக் கொடுப்பது இங்கே சாதாரணம். ஆனால் டீயிலுள்ள டானின், உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. அரிசிம்பருப்பு சாதத்தோடு கொஞ்சம் கீரை, பின்னாலேயே ஒரு கொய்யாத்துண்டு கொடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். பால்வாடியில் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடக் கூடாது. குழந்தை வெளிறித் தெரிந்தால் கடையில் டானிக் வாங்குவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே சரி.

கிங்ஸ்டனில் கண்டது

வயிறு நிறைந்தால் மூளை தானே வளரும் என்பவர்களுக்கு ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980களில் நடந்த ஆய்வு பதில் சொல்கிறது. வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் சிலருக்கு ஊட்டச்சத்து மட்டும், சிலருக்கு வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து விளையாடக் கற்றுத்தரும் சுகாதாரப் பணியாளர், சிலருக்கு இரண்டும் கிடைத்தன. தொடக்கத்தில் இரண்டுமே பலன் தந்தன. ஆண்டுகள் கடந்த பின் நிலைத்தது விளையாட்டின் பலன்தான். விளையாட்டுப் பயிற்சி பெற்ற குழந்தைகள் 22 வயதில், அது கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். விளையாட்டுச் சாமான்களில் பல வீட்டுப் பொருட்களால் செய்தவை.

அது எங்கோ தீவில் நடந்தது என்றால், தமிழ்நாட்டுச் சான்றும் உண்டு. நான்கு மாவட்டங்களின் 320 அங்கன்வாடிகளில் பாதிக்கு, முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவரைச் சேர்த்துப் பார்த்தார்கள். சுமார் 18 மாதங்களில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். கூடவே கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. பழைய பணியாளருக்கு எடை பார்க்கவும் தாய்மாரைச் சந்திக்கவும் நேரம் கிடைத்ததே காரணம். சத்தையும் கல்வியையும் தனித்தனி இலாகாவாகப் பார்ப்பது நம் பழக்கம், அவ்வளவே.

ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு நேரம் ஏது?

நியாயமான மறுப்பு இதுதான். பஞ்சாலை, பனியன் கம்பெனி, விசைத்தறி என்று இருவரும் உழைக்கும் வீட்டில் செல்போன்தான் ஆயா. பாட்டு கற்றுத்தருகிறதே என்பார்கள். பாட்டு வரும், ஆனால் குழந்தை கேட்கும் 'ஏன்?'களுக்கு அது பதில் பேசாது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாதென உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பேசத் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. வெங்காயம் உரிக்கையில் பெரிசு எது, சிறிசு எது என்று கேட்கலாம்; அம்மிச்சி தாயம் ஆடும்போது சோழியை எண்ணவிடலாம்.

ஆனாலும் முழுப் பொறுப்பையும் தாய் தலையில் கட்டுவது அநியாயம். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டுமென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். காப்பகம் என்றால் தொட்டிலும் பாலும் மட்டும் போதாது. அங்கே பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள் என்பதையும் ஆய்வுக்கு வரும் அதிகாரி பார்க்க வேண்டும். தொழிற்சங்கங்களும் போனஸ் பேச்சுவார்த்தையில் இதைக் கேட்கலாம்.