மூளையின் இணைப்பும் இயக்கமும்

மனித உடலின் உறுப்புக்களுள் தலைமை சான்றது மூளை. ஏறத்தாழ 1.4 கிலோகிராம் நிறையுடைய இவ்வுறுப்பினுள் 8,600 கோடி அளவினவாய நரம்புக்கலங்கள் அமைந்துள்ளன என அறிஞர் கணித்துள்ளனர். அவை தம்முள் எண்ணிறந்த தொடர்புகளைக் கொண்டுள்ளன. இத்தொடர்புகள் யாவற்றையும் வரைந்து முடித்தால் மூளையின் தொழில் விளங்கிவிடுமா? கணிப்பு நரம்பியல் என்னுந் துறை ஆராயும் தலையாய வினாக்களுள் இதுவும் ஒன்றாகும்.

எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலான படகுவழியைப் படத்தில் ஒரு கோட்டாற் காட்டிவிடலாம். ஆயின், சோழகம் மிக்கு வீசும் நாளிற் படகு புறப்படுமா, புறப்படின் எத்துணை நேரஞ் செல்லும் என்பவற்றை அக்கோடு கூறமாட்டாது. வழி வேறு, ஓட்டம் வேறு. மூளையிலும் இணைப்பு வேறு, இயக்கம் வேறு.

இணைப்பை அறியும் முயற்சி வியத்தகு வெற்றி கண்டுள்ளது. 302 நரம்புக்கலங்களையுடைய ஒரு நுண்ணிய வட்டப்புழுவின் இணைப்புப் படத்தை ஜோன் வைற், சிட்னி பிறெனர் முதலியோர் 1986 இல் வெளியிட்டனர். 2024 இல் ஏறத்தாழ 139,000 நரம்புக்கலங்கள் கொண்ட பழ ஈயின் மூளைப்படமும் வெளிவந்தது. எனினும், புழுவின் நடத்தை முழுவதையும் அதன் படத்தைக்கொண்டு மட்டும் முன்னறிந்து கூற இன்னும் இயலவில்லை.

இதற்குக் காரணம் யாது? நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் இரைப்பையை இயக்கும் சிறு நரம்புத்திரளில் ஏறத்தாழ 30 கலங்களே உள. அமெரிக்க அறிஞர் ஈவ் மாடர் இதனைப் பல்லாண்டு ஆராய்ந்தார். இணைப்பு மாறாதிருப்பினும், சில இரசாயனப் பொருள்கள் வந்து சேரும்போது அத்திரளின் தாளம் மாறுகின்றது. அவர் குழுவினர் 2004 இல் 2 கோடிக்கு மேற்பட்ட மாதிரிகளைக் கணினியில் ஆராய்ந்து, வெவ்வேறு வலிமையுடைய இணைப்புக்களும் ஒரே தாளத்தைத் தரக்கூடும் எனக் காட்டினர்.

எனவே இயக்கத்தை அறியக் கணிதம் வேண்டற்பாலது. அதற்கு அடிகோலியவர் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர். தீவக மக்கள் நன்கறிந்த கணவாய் இனத்தின் பருத்த நரம்பிழையில் மின்துடிப்பு எழுந்து செல்லும் முறையை, 1952 இல் அவர்கள் சமன்பாடுகளால் விளக்கினர். 1963 இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றனர்.

இவ்வாராய்ச்சி நோயாளர்க்கும் பயன்படுவதாம். பாக்கின்சன் நோயில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் கலங்கள் அழிகின்றன, கை நடுங்குகின்றது, நடை தளர்கின்றது. சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகப் பேராசிரியர் வி. ஸ்ரீநிவாச சக்கரவர்த்தி, மூளையின் அடிப்பகுதியிலுள்ள நரம்புத்திரள்களைக் கணித மாதிரிகளால் ஆராய்ந்து வருபவர். அவர் குழுவினரின் மாதிரியின்படி, அங்குள்ள சில கலங்கள் நலமுற்ற நிலையில் ஒன்றோடொன்று ஒவ்வாது துடிக்கின்றன. அவ்வொழுங்கின்மையே பல செயல்களை முயன்று பார்த்து ஏற்றதைத் தெரிந்துகொள்ள உதவுகின்றது. டோபமின் குறையும்போது அவை ஒருசேரத் துடிக்கத் தொடங்குகின்றன, தெரிவு சுருங்குகின்றது. ஒற்றுமை எங்கும் நன்றே எனக் கருதுவார்க்கு இது வியப்பளிக்கும். படகிலுள்ளோர் யாவரும் ஒரே கணத்தில் ஒரே பக்கஞ் சாய்ந்தாற் படகு கவிழுமன்றோ?

1987 இல் பிரான்சிய மருத்துவர் பெனபிட், மூளையின் ஆழத்தே விரைவான மின்துடிப்புக்களைச் செலுத்தி நடுக்கத்தைத் தணிக்கலாம் எனக் கண்டார். அம்முறை நோயை வேரோடு களைவதன்று; எனினும், அழிந்த கலங்களை மீட்காமலே இயக்கத்தைத் திருத்தலாம் என்பதற்கு அது சான்றாயிற்று. உயிருள்ளார் மூளையில் முயன்று பார்த்தற்கரியவற்றை மாதிரியில் முயன்று பார்க்கலாம். மாதிரி கூறுவது மெய்யோ என்பதை அளவீடே முடிவு செய்தல் வேண்டும்.

உயர்தர வகுப்பில் மாணவர் உயிரியற் பிரிவினர், கணிதப் பிரிவினர் எனப் பிரிகின்றனர். மூளையோ அப்பிரிவினை அறியாது. உயிரியல் கற்பார் சமன்பாட்டை அஞ்சாமலும், கணிதங் கற்பார் உயிரைப் புறக்கணியாமலும் பயில்வாராயின், நடுங்கும் கைகளை நிலைபெறச் செய்யும் பணியில் நம் மாணவர்க்கும் ஒரு பங்கு உண்டு.