மேஜை வாடகைக்கு: காதையும் கூட்டிப் போங்கள்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். மகளுக்குப் பெங்களூர் நிறுவனமொன்றில் வேலை. ஊரிலிருந்தே செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஆள்நடமாட்டம் ஓயாது. பக்கத்து மனையில் கட்டட வேலை வேறு. திருவனந்தபுரத்தில் மேஜை வாடகைக்கு விடும் கோவொர்க்கிங் இடம் ஒன்று பிடித்துக் கொடுக்கலாம் என்று கிளம்பினால் தம்பானூரா, பாளையமா, கழக்கூட்டமா என்று தலை சுற்றுகிறதாம்.

இணைய வேகம், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து மாத வாடகை, ஸ்கூட்டர் நிறுத்த இடம், கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லோரும் கேட்கிறார்கள். யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்கு முன் ஊர் நிலவரம் கொஞ்சம்.

மார்த்தாண்டத்தை ஒட்டிய குழித்துறையில் ரயில் ஏறுபவருக்குத் தம்பானூர்தான் சுலபம். சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலைத் தாண்டினால் எதிரே கேஎஸ்ஆர்டிசி பஸ் நிலையம். ஆனால் பெருமழை பெய்தால் தண்ணீர் தேங்குகிற பள்ளம் அது. வாய்க்கால்களைத் திறந்துவிட 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்று ஒரு திட்டமே போட வேண்டிவந்தது. தரைத்தளத்து மேஜை மலிவாகக் கிடைத்தால் ஐப்பசி மழை நாளொன்றில் போய்ப் பார்ப்பது நல்லது. கழக்கூட்டத்தின் கதை வேறு. 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா, அங்கேதான் இருக்கிறது. பம்பா, பெரியாறு, நிளா, பவானி, காயத்ரி, தேஜஸ்வினி என்று அதன் கட்டடங்கள் பலவற்றுக்கு ஆற்றுப் பெயர்கள். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்குத் துணைநிற்கும் கேரள ஸ்டார்ட்அப் மிஷனும் அந்த வளாகத்தில்தான். கூட்டாளி தேடுபவருக்கு அது பொருத்தம். மார்த்தாண்டத்திலிருந்து தினம் போய்வருபவருக்கோ நகரத்தை முழுக்கக் குறுக்கே கடக்கிற வேலை. 2022-ல் திறந்த மேம்பாலம் கழக்கூட்டத்து நெரிசலைத்தான் குறைக்கும், பயணத்தைக் குறைக்காது.

இந்த வியாபாரத்துக்கு வயது அதிகமில்லை. 2005-ல் சான்பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்ற மென்பொருள்காரர், தனியாக வேலை செய்யும் சுதந்திரமும் கூட இருப்பவர்களின் துணையும் ஒருங்கே வேண்டி, வாரத்தில் இரண்டு நாள் ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்து மேஜை போட்டார். முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. ஐந்து வருடத்தில் வீவொர்க் என்ற நிறுவனம் பிறந்தது. உலகமெங்கும் மாடி மாடியாகப் பிடித்துப்போட்டு, 2023 நவம்பரில் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. இந்தியாவில் ஆஃபிஸ் (Awfis) என்ற நிறுவனம் 2024-ல் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. மேஜை வாடகைக்கு விடுவது இன்று பெரிய தொழில். அந்த மேஜையில் உட்கார்ந்தால் சிந்தனை ஓடுமா என்பதை மட்டும் விளம்பரங்கள் பேசுவதில்லை.

கேட்காத அந்தக் கேள்வி, சத்தத்தைப் பற்றியது.

2010-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன் எம்பர்சனும் கூட்டாளிகளும் ஒரு சோதனை நடத்தினார்கள். கணினித் திரையில் நகரும் புள்ளியை மவுஸால் விடாமல் துரத்துவது, குறிப்பிட்ட எழுத்து வந்தால் தட்டுவது போன்ற சின்ன வேலைகள். செய்யும்போது காதில் பேச்சு விழும். இரண்டு பேர் பேசிக்கொள்வது கேட்டபோது வேலை கெடவில்லை. ஒருவரே தொடர்ந்து பேசியதும் கெடுக்கவில்லை. போன் பேசுபவரின் பக்கம் மட்டும் கேட்டபோதுதான் தடுமாறினார்கள். "ஆமா... இல்லியே... எப்போ?" என்று பாதி விழுந்தால் மீதியை இட்டு நிரப்ப மூளை தானாகவே கிளம்பிவிடுகிறது. நாம் வேண்டாம் என்றாலும் அது கேட்பதில்லை. பேச்சை வடிகட்டி வார்த்தை புரியாத முனகலாக்கிப் போட்டபோது அந்தத் தொல்லை மறைந்தது.

அப்படியானால் தெரியாத மொழியில் பேசினால் தப்பிக்கலாமோ? அப்போதும் முழுசாகத் தப்ப முடியாது. 1976-ல் கோல், வெல்ஷ் என்ற இருவர், ஜெர்மன் தெரியாதவர்களின் காதில் ஜெர்மன் பேச்சை ஓடவிட்டுக்கொண்டே எழுத்துகளை வரிசையாக நினைவில் வைக்கச் சொன்னார்கள். பொருளே புரியாத பேச்சும் நினைவைக் குலைத்தது. பிற்பாடு வந்த ஆய்வுகள் காரணத்தைச் சொல்லின: ஒலி நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருப்பதுதான் உறுத்துகிறது. மின்விசிறி போல ஒரே சீராக இரைவது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. மார்த்தாண்டத்துப் பெண்ணுக்கு மலையாளம் நன்றாகவே புரியும், ஆகவே பக்கத்து மேஜைத் தொலைபேசியின் பாதிக் கதை அவளை இழுக்கும். அடுத்த மேஜைக்காரர் அவளுக்குப் புரியாத இந்தியில் பேசினாலும் விடுதலை இல்லை. சன்னலுக்கு வெளியே பஸ்களின் இரைச்சல் இவை இரண்டையும்விடத் தேவலை. ஹாரன் வேறு விஷயம். அதற்கு மருந்து எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை.

பேச்சு எவ்வளவு தூரம் தெளிவாகப் போகும் என்பது அறையைப் பொறுத்தது. வெள்ளையடிக்கச் சாமான்களை வெளியே எடுத்த வீட்டில் பேசிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: பாயும் துணிமணியும் திரும்பி வரும்வரை வீடு பதிலுக்குப் பேசும். இதை முதலில் கணக்காக்கியவர் ஹார்வர்டின் வாலஸ் சபைன். 1895-ல் அங்கே புதிதாகக் கட்டிய சொற்பொழிவு அறையில் ஒரு சொல் அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. பேசுபவரின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கூழாயின. சபைன் இரவு நேரத்தில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. ஒலியை உறிஞ்சும் திறனுக்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தபோது அவர் எடுத்துக்கொண்டது திறந்த சன்னலை. அதன் வழியே போன ஒலி திரும்பி வருவதில்லையே!

இங்கேதான் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பர்மிங்ஹாமில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் இங்கேயே மறைந்த லாரி பேக்கர் வடிவமைத்த செங்கல் கட்டடம் அது. மாடிப்படியே இல்லை, நடு அச்சைச் சுற்றிச் சரிவாக ஏறும் தரை ஒன்றே மாடி. மேஜையும் பெஞ்சும் வெளிச்சுவரை ஒட்டிக் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியவை. தரை சரிந்தாலும் காபி சரியாது. வெளிச்சுவர் முழுக்கச் செங்கல் இடைவெளிகள். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விட்டவைதான். ஆனால் சபைன் கணக்கில் ஒவ்வொன்றும் ஒரு திறந்த சன்னல். உள்ளே எழும் பேச்சுக்கு வெளியேற நூறு வழி. வளைந்த சுவர் காரணமாக நான்கு மேஜைக்கு அப்பால் இருப்பவர் கண்ணில் படுவதுமில்லை. அங்கே லேப்டாப்பை விரித்து நாளெல்லாம் உட்காருவது முறையல்ல, பின்னால் சாப்பிட ஆள் நிற்கும். கட்டடக்காரர்கள் பாடமாகவாவது போய்ப் பார்க்கலாம்.

பார்ப்பதில்லை. இன்றைய கோவொர்க்கிங் தளம் பெரும்பாலும் கண்ணுக்காகக் கட்டப்படுகிறது. கண்ணாடித் தடுப்பு, பளபளக்கும் டைல்ஸ், மேலே பூசாத கான்கிரீட், சுவரில் ஊக்கமூட்டும் ஓவியம். இவற்றில் ஒன்றுகூட ஒலியைச் சொல்லும்படியாக உறிஞ்சாது. ஏசிக்காகச் சன்னலையும் அடைத்துவிடுகிறார்கள். ஓவியத்துக்கு ஆகும் செலவில் பாதியைக் கூரையில் ஒலியுறிஞ்சும் பலகைக்குப் போட்டிருக்கலாம். உட்காருபவர்களும் சளைத்தவர்கள் அல்ல. ஸ்பீக்கரில் போட்டு மீட்டிங் பேசுபவருக்குப் பக்கத்து மேஜைக்காரரும் வாடகை கொடுக்கிறார் என்ற நினைப்பே இருப்பதில்லை. இதற்கு நேர்மாறாக, பாளையத்தில் 1829-ல் தொடங்கிய பொது நூலகம் இருக்கிறது. அங்கே நுழைபவர் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். போன் பேச முடியாது என்பதால் தினசரி வேலைக்கு அது உதவாது. ஆனாலும் எழுதவோ படிக்கவோ மட்டும் இடம் தேடுபவர், மாதம் சில ஆயிரம் கொடுக்குமுன் அதை நினைத்துப்பார்க்கலாம்.

ஆகவே அந்த மகள் செய்யவேண்டியது இது. ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும்போது காட்டுவார்கள், ஒப்புக்கொள்ள வேண்டாம். வாரநாளில் பதினொரு மணிக்கு, எல்லோரும் மீட்டிங்கில் இருக்கும் நேரத்தில், ஒரு நாள் பாஸ் எடுத்து உட்காரட்டும். போனதும் மீட்டிங் ரூமில் ஒருமுறை கைதட்டிப் பார்க்கட்டும். தட்டிய பிறகும் 'டிங்' என்று இழுத்தால் அந்த அறையில் நான்கு பேர் பேசுவது எதிர்முனைக்குப் புரியாது. கதவைச் சாத்திக்கொண்டு பேசும் போன் பூத் எத்தனை, எத்தனை மேஜைக்கு என்று எண்ணட்டும். பூத்துக்குள் காற்றோட்ட விசிறி ஓடுகிறதா என்று பத்து நிமிடம் கதவைச் சாத்திப் பார்க்கட்டும். பூத்தில் பேச மணிக்கணக்கில் தனிக் கட்டணமா என்பதை ஒப்பந்தத்தில் படிக்கட்டும். கட்டணம் உண்டென்றால் எல்லோரும் மேஜையில் உட்கார்ந்தே பேசுவார்கள்.