கிழிந்த ஹோஸை எறியாதீர்கள்!

பழைய கருவியால் வீட்டிலேயே இணைப்பு செய்யலாம்

1904-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி. அமெரிக்காவில் பால்டிமோர் நகரம் தீப்பற்றி எரிந்தது. வாஷிங்டனிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. ஆனால், என்ன பரிதாபம்! அவர்களுடைய ஹோஸின் மரை, பால்டிமோர் தெருக் குழாயின் மரையோடு பொருந்தவில்லை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன.

ஹோஸ் எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன? உயிர்நாடி இணைப்பில்தான் இருக்கிறது.

நம் வீட்டுத் தோட்டத்துக்கும் இது பொருந்தும். ஹோஸ் நடுவில் கிழிந்தால் கந்தல் துணியைச் சுற்றுகிறோம். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினாலும், 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தால், நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல் வீண்!

என்ன வேண்டும்?

ஏ.சி. மாட்டுகிறவர்கள் வெட்டிப் போடும் அரை அங்குலச் செம்புக் குழாயில் 4 அங்குலத் துண்டு; 2 கிளிப்; குழாய் வெட்டும் கருவி; குழாயின் வாயை விரிக்கும் பழைய 'பிளேரிங்' கருவி. குளிர்பதனப் பெட்டி பழுது பார்ப்பவர்களிடம் இது இருக்கும்.

ஒன்று கவனிக்க வேண்டும். இந்தச் செம்புக் குழாய்க்கு வெளியளவு, ஹோஸுக்கு உள்ளளவு. ஆகவே அரை அங்குல ஹோஸுக்குள் இது இறுக்கமாக நுழையும்.

செய்முறை

குழாயை வெட்டி, உள்ளே நீட்டியிருக்கும் பிசிரைச் சுரண்டி எடுங்கள். முனை சற்றே வெளியே தெரியும்படி கருவியின் தாடையில் இறுக்குங்கள். கூம்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெதுவாகத் திருகுங்கள். அரிசி கனத்துக்கு விளிம்பு எழுந்ததும் நிறுத்திவிட வேண்டும். பேராசைப்பட்டால் செம்பு பிளந்துவிடும்! மறுமுனையையும் இப்படியே செய்து, விளிம்புகளை அரத்தால் மழுக்குங்கள்.

ஹோஸின் கிழிந்த பகுதியை நேராக வெட்டி நீக்குங்கள். முதலில் கிளிப்புகளை மாட்டிக் கொள்ளுங்கள். முனைகளை வெந்நீரில் தோய்த்தால் இளகும். செம்புத் துண்டின் பாதிவரை இரு பக்கமும் தள்ளுங்கள்.

கிளிப்பை விளிம்பின் மேல் இறுக்கக் கூடாது. அதைத் தாண்டி, துண்டின் நடுப்பக்கமாக இறுக்க வேண்டும். அப்போதுதான் ஹோஸை இழுத்தாலும் விளிம்பு தடுத்து நிறுத்தும்.

திருகி இறுக்கும் இந்தக் கிளிப்புக்கு 1921-ல் காப்புரிமை பெற்றவர், இங்கிலாந்துக் கடற்படையில் இருந்த லம்லி ராபின்சன்.

எச்சரிக்கை!

இந்தக் கைவேலை தண்ணீருக்கு மட்டுமே. சமையல் எரிவாயுக் குழாயில் ஒருபோதும் வேண்டாம். தண்ணீர் ஒழுகினால் தரை நனையும். எரிவாயு ஒழுகினால் உயிரே போகும். அந்தக் குழாய் கிழிந்தால், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புதுக் குழாய்தான் மாட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும் ஹோஸின் வாயை அடைத்து, தண்ணீரைத் திறந்து, இணைப்பின் அடியில் ஒரு காகிதத்தை வையுங்கள். கால் மணி நேரம் கழித்தும் காகிதம் நனையவில்லையா? நீங்களும் கைதேர்ந்தவர்தான்!