மாத்திரை உண்டும் குருதி உறைவதேன்?

நாம் நன்கறிந்த பெரியவர் ஒருவர் சென்ற ஆண்டு நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். அவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புக் கோளாறு உண்டு. குருதி உறையாதிருக்க ஆறு திங்களாக மாத்திரை உண்டு வந்தார். மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்க எண்ணிய மருத்துவர், அதற்கு முன் உணவுக்குழாய் வழியே சிறு கருவியை இறக்கி எக்கோ பரிசோதனை செய்தார். இதயத்தின் இடது மேலறையில் குருதிக்கட்டி ஒன்று ஒட்டியிருந்தது. மின் அதிர்ச்சி நிறுத்திவைக்கப்பட்டது. "இரத்தத்தை இளக்கும் மாத்திரை என்றுதானே தந்தார்கள் தம்பி? பிறகு கட்டி எப்படி வந்தது? மாத்திரை பொய்யா?" என்று கேட்டார்.

நியாயமான வினாவே. விடை காணுமுன் நோயின் இயல்பை நோக்குவோம். நலமுள்ள இதயத்தின் மேலறைகள் ஒவ்வொரு துடிப்பிலும் ஒருசேரச் சுருங்கிக் குருதியைக் கீழறைகளுக்குத் தள்ளுகின்றன. இந்நோயில் மின் தூண்டல்கள் நிமிடத்திற்கு 350 முதல் 600 வரை தாறுமாறாக எழுவதால், மேலறைகள் சுருங்காமல் நடுங்குகின்றன. ஆதலின் 'மேலறை நடுக்கம்' எனத் தமிழில் சுட்டலாம். ஓட்டம் குன்றிய இடத்தில் குருதி தேங்கும், தேங்கியது உறையும். இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் போன்ற சிறு பையொன்று உண்டு. பள்ளிப் பாடநூல்களில் நாம் பயின்ற 'ஆரிக்கிள்' என்னும் சொல்லுக்கு இலத்தீனில் 'சிறு செவி' என்பதே பொருள். வாத சுரத்தால் வால்வு பழுதுறாத நோயாளர்க்கு உண்டாகும் கட்டிகளில் பத்துக்கு ஒன்பது இப்பையினுள்தான் உருவாகின்றன. அக்கட்டி பெயர்ந்து மூளைக்குச் செல்லின் பக்கவாதம். மேலறை நடுக்கம் உடையோர்க்குப் பக்கவாத வாய்ப்பு ஏனையோரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதி.

இனி மாத்திரைக்கு வருவோம். 'இரத்தத்தை இளக்கும் மாத்திரை' என்னும் வழக்கே பிழைக்கு வித்து என்பது நம் கருத்து. இம்மருந்து குருதியை நீர்போல் இளக்குவதில்லை. உறைந்த கட்டியைக் கரைப்பதுமில்லை. கல்லீரல், வைட்டமின் 'கே'யின் துணைகொண்டு சில உறைவுக் காரணிகளை ஆக்குகிறது. வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவை அவ்வாக்கத்தைத் தடுக்கின்றன. புதியனவாகிய டாபிகேட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் ஆகியவை உறைவுக் காரணிகளுள் ஒன்றை நேரே தடுப்பவை. புதிய கட்டி எழாமலும் பழையது பெருகாமலும் காப்பதே இவற்றின் பணி. இருக்கும் கட்டியை உடலின் இயற்கைச் சுரப்புகளே மெல்ல மெல்லக் கரைக்க வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகலாம்.

வார்ஃபரினின் வரலாறு சுவையானது. 1920களில் வட அமெரிக்காவில், பூசணம் பிடித்த ஸ்வீட் க்ளோவர் என்னும் தீவனச்செடியைத் தின்ற மாடுகள் குருதி நில்லாமல் மடிந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழித்தோன்றலே வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாக வந்தது. 1954இல் மனிதர்க்கு மருந்தாயிற்று. ஆய்வுக்குப் பொருளுதவிய அப்பல்கலைக்கழகப் பழைய மாணவர் அறக்கட்டளையின் பெயரெழுத்துகளே மருந்தின் பெயரில் முன்னிற்கின்றன. பழைய மாணவர் சங்கங்கள் இதனை அறிந்துகொள்வது நன்று!

உறைதடுப்பு மருந்தை மூன்று வாரமேனும் உண்டவர்களிடம் நிகழ்ந்த பல ஆய்வுகளை 2021இல் தொகுத்து நோக்கியபோது, நூற்றுவரில் ஏறத்தாழ மூவர்க்கு இடது மேலறையில் கட்டி இருக்கக் காணப்பட்டது. வந்துவந்து மறையும் நடுக்கத்தைவிட, நிலைத்துவிட்ட நடுக்கத்தில் இது மிகுதி. மேலறை மிக விரிந்தவர்க்கும் கீழறை வலுவிழந்தவர்க்கும் மருந்து முறையாக உண்டும் கட்டி வரலாம். வாத சுரத்தால் மைட்ரல் வால்வு சுருங்கியோர் தனி வகையினர். அந்நோய் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. 2022இல் வெளிவந்த இன்விக்டஸ் என்னும் பன்னாட்டு ஆய்வு, அன்னோர்க்கு ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகையே மேலெனக் காட்டியது. புதியதெல்லாம் எல்லார்க்கும் சிறந்ததன்று.

எஞ்சிய காரணங்கள் நம் கையில் உள்ளவை. வார்ஃபரின் உண்போர்க்கு 'ஐ.என்.ஆர்.' என்னும் அளவு பொதுவாக 2க்கும் 3க்கும் இடையே நிற்க வேண்டும். குறையின் கட்டி, மிகின் குருதிப்போக்கு. கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் மிகுதியாகவும் மறுவாரம் இல்லாமலும் உண்பதே அளவைக் குலைக்கும். நோயாளர் பெரும்பாலோர் உண்ணும் 20 மில்லிகிராம் ரிவராக்ஸபானை உணவோடு உண்ண வேண்டும். வெறும் வயிற்றில் அது முழுமையாக உடலிற் சேராது. புதிய மருந்துகளின் ஆற்றல் ஏறத்தாழ ஒரு நாளில் தேய்ந்துவிடும். ஒருவேளை தவறினும் காப்பு குறையும். பல் பிடுங்குவதற்கென்று மருத்துவரைக் கேளாமல் தாமே நிறுத்துவோரும், 'ஆஸ்பிரின் போதும்' என்று மாற்றிக்கொள்வோரும் நம்மிடையே உளர். ஆஸ்பிரின் இதற்கு ஈடாகாது.

பெரியவரை மெல்ல வினவினோம். அவர் உண்டது நாளுக்கு இருமுறை உண்ண வேண்டிய அபிக்ஸபான். ரமலான் மாதத்தில் சஹர் வேளையில் உறக்கம் மிகுந்து எழாத நாள்களில், நோன்பு திறந்தபின் இரவு மாத்திரை ஒன்றோடு நிறுத்தியிருக்கிறார். "ஒருவேளைதானே என்று விட்டேன்" என்றார். எத்தனை நாள் என்பது அவருக்கே நினைவில்லை. கட்டிக்கு அதுவொன்றே காரணமென்று மருத்துவர் அறுதியிட்டுக் கூறவில்லை. ஆயினும் நோன்புக்கு முன்பே தம்மைக் கலந்திருந்தால் வேளையை வகுத்துத் தந்திருப்பேன் என்று வருந்தினார்.

பின்னர் ஆறு வாரம், காலையும் இரவும் தவறாமல் மாத்திரையை மகள் எடுத்துக் கொடுத்தார். மீண்டும் கருவி இறக்கிப் பார்த்தபோது அச்சிறு பை தெளிந்திருந்தது. அதன் பிறகே மின் அதிர்ச்சி கொடுத்தனர். துடிப்பு சீரானபின் மேலறை முழு வலிமை பெறச் சில வாரங்களாகும். அக்காலத்தும் கட்டி தோன்றலாம். ஆதலின் மருந்தை நிறுத்தலாகாது என்று சொல்லி அனுப்பினர். வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நாளுக்கு இரு கோடுகள் இப்போது விழுகின்றன.